காய் எடுப்பும் கல்லூரி வருஷமும்

போடியில் வீட்டுக்குக் காசு வரும் மாதம் வேறு, கல்லூரி காசு கேட்கும் மாதம் வேறு. ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு ஆகஸ்டு வாக்கில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை போகிறது. ஒரு சுற்று எடுத்த செடிக்கு முப்பது, நாற்பது நாள் கழித்துத்தான் அடுத்த சுற்று. கட்டணச் சீட்டோ ஜூன், ஜூலையிலேயே கைக்கு வந்துவிடும். அந்த மாதங்களில் தோட்டத்தில் நடவு, களையெடுப்பு, உரம் என்று எல்லாம் செலவு. கூலிக்குப் போகிற வீட்டிலும் காய்க்காலத்துக் கூலி இன்னும் வந்திருக்காது. காய் எடுத்து, ஸ்டோரில் உலர்த்தி, ஏலத்தில் விற்றுப் பணமாகும்போது முதல் செமஸ்டர் பாதியைத் தாண்டியிருக்கும். அக்டோபர், நவம்பரில் காய் உச்சத்துக்கு வந்து தோட்டத்தில் ஆள் பற்றாமல் போகும்போது, செமஸ்டர் தேர்வும் நெருங்கி நிற்கும்.

இந்த இரண்டு நாள்காட்டிக்கும் நடுவில் படிக்கிற பிள்ளைகளுக்காக இந்த அத்தியாயம். முந்தல், குரங்கணி, சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் பக்கத்துப் பிள்ளைகளும், மலைக்கு மேலே பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலையில் தோட்டத் தொழிலாளர் லயங்களில் வளர்ந்து படிப்புக்காகக் கீழே இறங்குகிறவர்களும் இதில் அடக்கம். நம் பக்கத்துப் பிள்ளைகள் படிப்பில் சறுக்கி இழப்பதைவிட, எதை எந்த வருஷம் கேட்க வேண்டும் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லாமல் இழப்பதே அதிகம் என்பது என் உறுதியான எண்ணம். உதவித்தொகை, பயிற்சி, நுழைவுத் தேர்வு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வருஷமும் மாதமும் உண்டு. சிலவற்றை ஒருமுறை தவறவிட்டால் மறுபடி கேட்கவே முடியாது.

சேரும் முன்பு

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கையோடு செய்ய வேண்டியது காகித வேலை. அலுப்பான வேலைதான். ஆனால் நான்கு வருஷத்துக் கட்டணம் இதில்தான் தீர்மானமாகிறது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. வீட்டில் இதுவரை பட்டதாரி இல்லையென்றால் முதல் தலைமுறை பட்டதாரி சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை இ-சேவை மையம் வழியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டும் அரசுக் கலந்தாய்வு வழியாக வருகிறவர்களுக்கு மட்டுமே. மே மாதத்தில் வீடு தேடி வந்து, “கலந்தாய்வெல்லாம் எதற்கு, சீட்டு உறுதி, முன்பணம் மட்டும் கட்டுங்கள்” என்று சொல்கிறவரிடம் பணம் கொடுத்து நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால், அந்த நிமிடமே இந்தச் சலுகைகள் கைவிட்டுப் போகின்றன. எந்தக் கல்லூரி என்பதைவிட எந்த வழியாகச் சேர்ந்தீர்கள் என்பது பல வீடுகளில் பெரிய கேள்வி.

அதேபோல் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டமும் (2022 செப்டம்பரில் தொடங்கியது), பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024 ஆகஸ்டு) மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. விண்ணப்பம் கல்லூரி மூலமாகவே போகும். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில், ஆதாருடன் இணைந்து இருக்க வேண்டும். ஆதாரில், மதிப்பெண் பட்டியலில், வங்கிப் புத்தகத்தில் உங்கள் பெயரின் தலைப்பெழுத்தும் எழுத்துக்கூட்டும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் உள்ள தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். படித்தது தமிழில் என்றாலும் பள்ளி கேரள அரசுடையது. அதனால் மேலே சொன்ன பள்ளி சார்ந்த திட்டங்கள் உங்களுக்குப் பொருந்தாது. பொறியியல் கலந்தாய்விலும் இருப்பிடச் சான்று கேட்பார்கள். ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, சாதிச் சான்று எல்லாம் எந்த மாநிலத்தில் இருக்கின்றன என்று பதினொன்றாம் வகுப்பிலேயே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். மார்ச்சுக்குப் பிறகு தாலுகா அலுவலகத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே அலைந்து முடிகிற வேலையில்லை இது.

பாடமொழியும் சேரும்போதே எடுக்க வேண்டிய முடிவு. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. பட்டப்படிப்புத் தகுதியுள்ள பணிக்கு அதைக் கேட்க, பள்ளி முதல் பட்டம் வரை முழுக்கத் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். அரசுப் பணிதான் நோக்கம் என்றால், தமிழ்வழிப் பி.ஏ.வையோ பி.எஸ்ஸி.யையோ கௌரவக் குறைச்சலாக நினைத்து ஆங்கிலவழிக்கு மாறுவது கையிலுள்ள முன்னுரிமையை விட்டுக்கொடுப்பது. மேற்படிப்பு, ஆராய்ச்சி, தனியார் வேலை என்றால் கணக்கு வேறு. இரண்டில் எது என்று பதினேழு வயதில் தெரியாமல் இருப்பது இயல்பே. ஆனால் இப்படி ஒரு முடிவு இருக்கிறது என்பதே தெரியாமல் சேர்ந்துவிடக் கூடாது.

பணம் போதவில்லை என்றால் கந்துவட்டிக்கும், காய் மீதான முன்பணத்துக்கும் போகுமுன் வங்கிக்குப் போங்கள். 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்து அடமானம் தேவையில்லை. பெற்றோர் உடன் கையெழுத்திட்டால் போதும். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழிற்படிப்பு படித்தால், படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஒரு வருஷத்துக்கும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. கிளை மேலாளர் வாய்வார்த்தையாக மறுத்தால் எழுந்து வந்துவிடாதீர்கள். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து, மறுப்பதாக இருந்தால் காரணத்தோடு எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள்.

முதல் வருஷம்: நவம்பரைத் தாண்டுவது

முதல் செமஸ்டரில் ஒரே ஒரு இலக்கு போதும். அரியர் வைக்காமல் டிசம்பரைத் தாண்டுங்கள். பொறியியலில் பெரும்பாலும் கணக்கும், கலை அறிவியலில் ஆங்கிலமும் காலை வாரும். முதல் வருஷத்து ஒரு அரியர் அடுத்த வருஷப் பாடத்தோடு சேர்ந்து வரும். அதைப் படித்தால் இது கெடும், இதைப் படித்தால் அது கெடும். மூன்றாம் வருஷ முடிவில் வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்களில் பல, நிலுவையில் அரியர் இருந்தால் தேர்வு எழுதவே விடுவதில்லை.

அரியர் பெரும்பாலும் வருகைப் பதிவில்தான் ஆரம்பிக்கிறது. 75 சதவீத வருகை வேண்டும். 90 வேலை நாள் கொண்ட செமஸ்டரில் 22 நாள்தான் விடுப்பு எடுக்கலாம் என்று கணக்கு. காய் எடுப்புக்கு ஆள் குறைகிறது, அம்மாவுக்குக் கைவலி, நாலு நாள் வந்துவிட்டுப் போ என்று வீட்டிலிருந்து போன் வரும். அந்த அழைப்பைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அந்த நாலு நாள் கூலியில்தான் விடுதிப் பணம் கட்டுகிற வீடுகள் உண்டு. அதனால் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். முன்கூட்டியே பேசிவிடுங்கள் என்று சொல்வேன். செப்டம்பர் முதல் வாரத்தில் உள்மதிப்பீட்டுத் தேர்வுத் தேதிகளையும் ஆய்வகம் உள்ள கிழமைகளையும் எழுதி வீட்டுக்குக் கொடுங்கள். அடுத்த சுற்று எந்த வாரம் விழும் என்று அவர்களிடம் கேட்டு, பக்கத்திலேயே குறியுங்கள். ஞாயிறு, பூஜை விடுமுறை, தீபாவளி விடுமுறைக்குள் முடிகிற உதவியை மனநிறைவோடு செய்யுங்கள். ஆய்வகம் உள்ள நாளை மட்டும் யாருக்காகவும் விடாதீர்கள். தவறிய வகுப்பை நோட்டு வாங்கி ஈடுகட்டலாம். தவறிய சோதனையை அப்படி ஈடுகட்ட முடியாது.

ஆங்கிலத்தைப் பற்றிய பயம் மலைப்பக்கத்துப் பிள்ளைகளிடம் அதிகம். லயத்தில் வளர்ந்தவர்கள் தமிழும் மலையாளமும் சரளமாகப் பேசுவார்கள். மூன்றாவதாக ஒரு மொழி வரும். ஒவ்வொரு பாடத்திலும் முதல் யூனிட்டில் வரும் கலைச்சொற்களைத் தனி நோட்டில் எழுதி, எதிரே உங்கள் வார்த்தையில் தமிழில் விளக்கம் எழுதுங்கள். வகுப்பில் கேட்கக் கூச்சமாக இருந்தால் துறை அறைக்குப் போங்கள். வெறுங்கையோடு போய், “ஒண்ணுமே புரியலை சார்” என்று நின்றால் அவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. நோட்டைத் திறந்து காட்டி, “சார், இந்தக் கணக்குல மூணாவது வரி வரைக்கும் வந்துட்டேன், அடுத்து ஏன் இப்படி மாறுதுன்னு பிடிபடலை” என்று கேளுங்கள். அப்படிக் கேட்கிற மாணவரை ஆசிரியர்கள் பெயர் சொல்லி நினைவில் வைத்துக்கொள்வார்கள். பின்னால் பரிந்துரைக் கடிதம் தேவைப்படும்போது எழுதித் தரப்போவதும் அவர்கள்தான்.

என்.சி.சி.யில் சேர விரும்பினால் முதல் வருஷமே சேர வேண்டும். ‘சி’ சான்றிதழ் வரை போக மூன்று வருஷம் ஆகும். காவல்துறைக்கோ ராணுவத்துக்கோ போக நினைப்பவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம். அதேபோல், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தகுதியும் 18 வயதும் போதும் என்பது முதல் வருஷத்தில் பலருக்குத் தெரிவதில்லை. படித்துக்கொண்டே ஒருமுறை எழுதிப் பாருங்கள். அரசுத் தேர்வு எப்படி இருக்கும் என்று பிடிபடும்.

இரண்டாம் வருஷம்

புதுப் பையன் என்ற பயம் போயிருக்கும், வேலை தேடும் கவலை இன்னும் வந்திருக்காது. யாரும் எதையும் கேட்காத வருஷம் இது. அதனாலேயே நிறையப் பேர் இதைத் தொலைக்கிறார்கள். கையில் கொஞ்சம் நேரம் இருக்கும் ஒரே வருஷத்தில் பாடத்திட்டத்துக்கு வெளியே ஒன்றையாவது ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. படிக்கக் கட்டணம் இல்லை. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். ஒரு செமஸ்டருக்கு ஒரு பாடம் போதும். மூன்று நான்குக்குப் பதிவுசெய்து எதையும் முடிக்காமல் விடுவது வீண். மலையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். விடுமுறைக்கு ஏறுமுன் காணொளிகளைக் கல்லூரியிலேயே இறக்கிக்கொண்டு போங்கள். 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் உங்கள் கல்லூரியில் நடக்கும் திறன் வகுப்பையும் மதிப்பெண்ணுக்கான சடங்காக முடித்துவிடாதீர்கள். கட்டணம் கட்டிக் கற்க வேண்டிய சில விஷயங்கள் அதில் இலவசமாகவே கிடைக்கின்றன.

மதுரையும் இப்போது முன்பைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. மீட்டர் கேஜ் ரயில் 2010 கடைசியில் நின்ற பிறகு பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் போடிக்கு ரயிலே இல்லை. அகல ரயில் 2023 ஜூனில் வந்தது. அடுத்த மாதமே மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தது. போட்டித் தேர்வு நூல்கள், பாடநூல்கள், உட்கார்ந்து படிக்க இடம் எல்லாம் அங்கே உண்டு. மாதம் ஒரு சனிக்கிழமை நண்பர்களோடு போய் மாலை வரை இருந்துவிட்டு வாருங்கள். ஒரு பாடத்துக்கு எத்தனை புத்தகங்கள் இருக்கின்றன என்று கண்ணால் பார்ப்பதே ஒரு படிப்பு.

அறிவியல், பொறியியல் மாணவர்கள் இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை செய்யலாம். விண்ணப்பம் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே முடிந்துவிடும். ஏப்ரலில் விசாரித்தால் அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான்.

புராஜெக்ட்: கேள்வி வீட்டு வாசலில் இருக்கிறது

ஆய்வுத் திட்டம் என்றதும் எங்கிருந்தோ ஒரு தலைப்பை எடுத்து, கடையில் காசு கொடுத்துச் செய்து வாங்கும் பழக்கம் பெருகியிருக்கிறது. இதைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. ஏலக்காய் விளையும் மலையும் அது விலைபோகும் ஊரும் இந்தப் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மேலச்சொக்கநாதபுரத்தில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஊரின் சி.பி.ஏ. கல்லூரியோ ஏல விவசாயிகள் சங்கத்தின் பெயரையே சுமந்து நிற்கிறது. மற்ற ஊர் மாணவர்கள் தேடி வர வேண்டிய கேள்விகள் இங்கே கொட்டிக் கிடக்கின்றன.

உலர்த்துவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைக் காயில் ஏறக்குறைய 80 சதவீதம் ஈரம். ஸ்டோரில் 50 டிகிரியை ஒட்டிய சூட்டில் 18 முதல் 24 மணி நேரம் காய்ந்து, பத்து சதவீத அளவுக்கு இறங்க வேண்டும். ஐந்து கிலோ பச்சைக்காய் கொடுத்தால் ஒரு கிலோ உலர்ந்த காய் கிடைக்கும். சூடு கூடினால் பச்சை நிறம் போகும், வாசனை எண்ணெயும் போகும், குறைந்தால் பூஞ்சை. இராத்திரி முழுக்க ஒருவர் விறகு தள்ளிக்கொண்டு கண்விழிக்கிறார். அறையின் மேல் தட்டிலும் கீழ் தட்டிலும் சூடு எவ்வளவு வேறுபடுகிறது, விறகை எப்படி மிச்சம் பிடிப்பது, சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் மலிவான கருவி செய்ய முடியுமா? இயந்திரவியல், மின்னணுவியல் மாணவர்களுக்கு இதிலேயே ஒரு வருஷ வேலை இருக்கிறது. வேதியியல் மாணவர், உலர்த்துமுன் இரண்டு சதவீதச் சலவைச் சோடா கரைசலில் பத்து நிமிடம் நனைத்தால் நிறம் எவ்வளவு நிற்கிறது என்று அளந்து பார்க்கலாம். கணினி மாணவருக்கு 8 மில்லிமீட்டர் காயையும் அதற்குக் குறைந்ததையும் படம்பிடித்துப் பிரிக்கும் வேலை. இன்று சல்லடையும் பெண்களின் கண்ணும் கையும் செய்வது அது. கருவி வந்தால் அந்தப் பெண்களின் வேலை என்னவாகும் என்ற கேள்வியையும் அதே அறிக்கையில் எழுதுங்கள்.

வணிகவியல் மாணவருக்கு விலை. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும், மலைக்கு மேலே புற்றடியிலும் நடக்கிறது. 2018 வெள்ளத்துக்கும் அடுத்து வந்த வறட்சிக்கும் பிறகு, 2019-இல் கிலோ 7,000 ரூபாய் வரை போன காய், இரண்டு மூன்று வருஷத்தில் ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. குவாத்தமாலாவின் விளைச்சல், அரபு நாடுகளின் தேவை, பூச்சிமருந்து எச்சத்தால் திரும்பி வந்த சரக்கு எல்லாம் அந்த விலையில் இருக்கின்றன. விலங்கியல் மாணவருக்குத் தேனீ. ஏலப் பூ காயாக மாறத் தேனீ வேண்டும். இலைப்பேனுக்கு அடிக்கும் மருந்து அதையும் தாக்கும். அரசியல் அறிவியல் மாணவருக்கு, 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் பெற்றும் மக்கள் எதிர்ப்பில் நின்றுபோன பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகம். தமிழ், வரலாறு படிப்பவர்களுக்கு லயத்து முதியவர்களின் நினைவுகள். இதைத் தள்ளிப்போட முடியாது. சொல்லக் கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

உதவி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. மயிலாடும்பாறையில் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும், பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையமும், நம் பக்கம் பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரியும் உள்ளன. துறைத் தலைவரின் கடிதத்தோடு, என்ன கேள்வி, எத்தனை நாள், என்ன உதவி என்று ஒரே பக்கத்தில் எழுதி, ஒரு மாதம் முன்பே அனுப்புங்கள். தோட்டக்காரரிடமும் ஸ்டோர்க்காரரிடமும் நேரில் போங்கள். காய் குவிகிற வாரத்தில் போகாதீர்கள். சுற்று முடிந்த மறுவாரம் போனால் உட்கார வைத்துப் பேசுவார்கள். அறிக்கை முடிந்ததும் தமிழில் இரண்டு பக்கம் எழுதி அவர்கள் கையில் கொடுங்கள். காட்டுக்குள் கள வேலை என்றால் வனத்துறை அனுமதியும் ஆசிரியரின் துணையும் கட்டாயம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில் காய்ந்த போதைப்புல் சரிவில் தீ ஓடும் வேகத்துக்கு யாராலும் ஓட முடியாது.

கடைசி வருஷம்

இதற்குள் எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் நுழைவுத் தேர்வுகளின் விண்ணப்பம் நீங்கள் நினைப்பதற்கு முன்பே முடிந்துவிடும். ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி. படிப்பதற்கான ஜாம் தேர்வு பிப்ரவரியில். விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபரில். கேட் தேர்வும் பிப்ரவரிதான். அதைப் பொறியியல் மூன்றாம் வருஷத்திலேயே எழுதலாம். டி.என்.பி.எஸ்.சி. அடுத்த ஆண்டுக்கான அட்டவணையை வழக்கமாக டிசம்பர் வாக்கில் வெளியிடும். வளாகத் தேர்வுக்கு ஏழாம் செமஸ்டரில் வருகிறவர்கள் ஆறு செமஸ்டர் மதிப்பெண்ணை மட்டும்தான் பார்க்க முடியும். எட்டாவதில் கூட்டிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். நேர்காணலில் அப்பா என்ன வேலை என்று கேட்டால், ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறார் என்று நிமிர்ந்து சொல்லுங்கள். அடுத்த கேள்வி உங்கள் புராஜெக்டைப் பற்றி வந்தால், அறையில் இருப்பவர்களில் அதைப் பற்றி அதிகம் தெரிந்தவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

ஊருக்கே திரும்பித் தோட்டத்தையோ வியாபாரத்தையோ பார்ப்பதும் நல்ல முடிவுதான். ஆனால் அதைக் கடைசி வருஷத்திலேயே எடுத்து, கணக்கியல், ஏற்றுமதி விதிகள், உணவுத் தரச் சான்று ஆகியவற்றைப் படிக்கும்போதே கற்றுக்கொண்டு திரும்புங்கள். வேறு எதுவும் கிடைக்கவில்லை என்று திரும்புகிறவரை வீட்டிலும் சந்தையிலும் ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள்.

வெளியே வந்த பிறகு

தேர்வு முடிந்ததும் விடுதியைக் காலி செய்துவிட்டு நேரே மலையேறிவிடாதீர்கள். நூலகம், ஆய்வகம், விடுதி மூன்றிலும் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்குங்கள். மாற்றுச் சான்றிதழ், எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், தற்காலிகப் பட்டச் சான்றிதழ் ஆகியவற்றை வாங்கும்போதே எழுத்துப் பிழை பாருங்கள். தமிழ்வழியில் படித்தவர்கள் அதற்கான சான்றை அதே வாரம் கேட்டு வாங்குங்கள். ஐந்து வருஷம் கழித்துப் போனால் பதிவேடு தேட வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் வருடி எடுத்து மின்னஞ்சலிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்து லயத்தில் காகிதம் பூஞ்சை பிடிக்கும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை இணையதளத்திலேயே செய்யலாம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் மாதத்தைச் சான்றிதழ்க் கோப்பின் மேலட்டையிலேயே எழுதி வையுங்கள்.